இருவர் ஓட்டும் வண்டிக்கு ஒரு பிரேக்

அடெனாவ், ஏப்ரல் 14

திருமதி இம்கே தோர்ன்பெர்க் அவர்களுக்கு,

இன்று காலை உறைபனி. மலைச்சரிவில் இறங்கிச் சந்தைச் சதுக்கத்துக்கு முந்தைய குறுக்குச் சாலையில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லைப் போல் நின்றது; வண்டி நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ரொட்டிக்கடை வேனின் கதவுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. கடைக்காரி ஃபிராவ் ஹில்கெர்ஸ் வெளியே வந்து, தெருவே கேட்கும்படி, "ஹெர் லாயென்பாக், ரொட்டி வேணும்னா கடைக்குள்ள வாங்க. வேனுக்குள்ள வண்டியோட வரணும்னு யாரு சொன்னா?" என்றார். மற்றவர்களின் வண்டிகளில் பிரேக் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் தொழில் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சிரித்தார்கள்.

மாயெனில் என் சோதனை நிலையத்துக்குப் போனதும் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பந்தயச் சுற்றில் ஓட்டுவதற்காக நீங்கள் மாட்டிய பந்தயப் பிரேக் பேட்கள் அப்படியே இருந்தன. அவை சூடேறினால்தான் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலையில் பயன்படுத்த அவற்றுக்கு அனுமதி எண்ணும் இல்லை. வார நாள்களுக்குரிய பேட்கள் பின்பெட்டியில், ஒரு பழைய துண்டில் சுற்றிக் கிடந்தன. மாற்றிவிட்டேன்.

மணவிலக்கின்போது நாம் கையெழுத்திட்ட உடன்பாட்டை நினைவூட்டுகிறேன். வண்டி இருவருக்கும் பொது. திங்கள் முதல் வெள்ளி மாலை வரை என்னுடையது; அதன்பின் ஞாயிறு மாலை வரை உங்களுடையது. பேச்சுக் கிடையாது, சொல்ல வேண்டியது இருந்தால் இருக்கைக்கு முன்னுள்ள சிறுபெட்டியில் கடிதமாக வைக்க வேண்டும். ஏழாம் விதி: எவர் பயன்படுத்தும் முறையால் வண்டி அதிகாரபூர்வத் தகுதிச் சோதனையில் தேறாமல் போகிறதோ, அவர் வண்டியில் தம் பங்கை இழப்பார். சோதனை வரும் மார்ச் மாதம்.

நீங்கள் இப்படியே நடந்துகொண்டால் அந்த நாளுக்காக நான் ஆவலுடன் காத்திருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு பயன்பாட்டுக்கும் பொருந்தும் ஒரே வகை பேடைத் தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டால் இந்த மாற்றும் வேலையே இராது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ஓர்ட்வின் லாயென்பாக்

*

ஆர்வைலர், ஏப்ரல் 20

ஓர்ட்வின்,

பதினெட்டு வருடம் 'நீ' என்று கூப்பிட்டவன் இப்போது 'நீங்கள்' என்கிறாய். நீதிமன்றம் அதையும் உத்தரவில் எழுதியதா? நான் பழையபடியே எழுதுகிறேன்.

பேடை மாற்றாமல் விட்டது என் தவறு. ஞாயிறு மாலை கொட்டும் மழை, ஜாக்கி வைக்கும் இடமெல்லாம் சேறு. காலையில் மாற்றிக்கொள்வாய் என்று நினைத்து ஒரு சீட்டு எழுத மறந்துவிட்டேன். வேன் தப்பியது நல்லது. ஹில்கெர்ஸ் அம்மா சொன்னதை நீயே எழுதி அனுப்பியிருக்கிறாயே, அதற்கு நன்றி. ரொட்டி தொண்டையில் அடைக்கும் அளவுக்குச் சிரித்தேன்.

ஆனால் உன் வார நாள் பேட் எனக்கு ஆகாது. போன இலையுதிர் காலத்தில் பந்தயச் சுற்றின் நரிப்பொந்து இறக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவே இல்லை, ஏனென்றால் அப்போதே நாம் பேசுவதை நிறுத்திவிட்டோம். அடிவாரத்தில் வேகம் உச்சத்தில் இருக்கும்போது மிதித்தேன். பேட் வெந்துபோய்ப் பிடியே இல்லை. இரும்பு வேலிக்கு இவ்வளவு கிட்டத்தில் திரும்பினேன், பக்கத்துக் கண்ணாடி உரசியது. அந்தக் கண்ணாடியை நான்தான் மாற்றினேன். நீ கவனிக்கவில்லை. உன் பேட் குளிரில் இனிமையாகப் பிடிக்கும், சத்தம் போடாது, சக்கரத்தில் தூசி படியாது; இரண்டு சுற்றுக்கு மேல் தாங்காது.

உன் ஏழாம் விதியை நீயே வைத்துக்கொள். சுற்றில் நான் ஒருவனை, முந்தக் கூடாத வலப்பக்கமாக முந்தினேன் என்று நிர்வாகத்துக்குப் புகார் எழுதி, பயிற்சியாளர் வேலையிலிருந்து என்னை நீக்கவைத்தவன் என் வீட்டிலேயே, என் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விதிப்படி நீ செய்தது சரி. அன்றிலிருந்து விதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை அரிக்கிறது.

இரண்டுக்கும் பொருந்தும் பேட் இருந்தால் நீயே சொல். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இம்கே

*

அடெனாவ், ஏப்ரல் 25

திருமதி தோர்ன்பெர்க் அவர்களுக்கு,

மூன்று வகைகளை வரவழைத்து ஒப்பிட்டேன். முதலாவது, சாதாரண சாலை பேடின் சற்றுத் தடித்த உருவம். உங்கள் நரிப்பொந்து இறக்கத்தில் அது முன்னதைவிட அரைச் சுற்று கூடுதலாகத் தாங்கும், அவ்வளவே. இரண்டாவது, வெப்பத்தில் அசையாதது. ஆனால் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பன்றி அறுப்பதுபோல் கத்துகிறது, அதன் இரும்புத் தூசி சக்கரத்தில் துருப்புள்ளியாகப் பதிகிறது, அனுமதி எண்ணும் இல்லை. மூன்றாவது, உலோகத் துகள் அளவாகக் கலந்தது. காலையில் முதல் மிதிப்பிலேயே பிடிக்கிறது. சூட்டிலும் நெடுநேரம் நிற்கிறது. மெதுவாக நிறுத்தும்போது லேசாக முனகும், சகித்துக்கொள்ளலாம். நம் வண்டிக்கென்றே அனுமதி பெற்றது.

மூன்றாவதை நான்கு சக்கரங்களிலும் நேற்று என் கையாலேயே மாட்டினேன். திருகுகளை அளவுக் கருவியால் இறுக்கினேன்.

தங்கள் வார இறுதி இனிதே அமைக.

ஓர்ட்வின் லாயென்பாக்

*

ஆர்வைலர், ஏப்ரல் 27

ஓர்ட்வின்,

நீ பேடை மாட்டினாய். பழக்கவில்லை.

புது பேடை, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்குக்குப் பழக்க வேண்டும் என்பது இந்த மலையில் பெட்ரோல் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும். வேகத்திலிருந்து பலமுறை கடுமையாக நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி நிறுத்தி, அதன் பசை எரிந்துபோன பிறகுதான் அதை நம்பலாம். நீ வியாழக்கிழமை மாட்டியிருக்கிறாய். மாயென் வரை அலுவலகத்துக்குப் போய் வந்திருக்கிறாய். பேட் பழகியிருக்கும் என்றுதானே எவரும் நினைப்பார்? நானும் நினைத்தேன்.

முதல் சுற்றிலேயே நரிப்பொந்துக்குக் கீழே பெடல் இறுகி நின்றது, வண்டி பாட்டுக்குப் போனது. எப்படியோ மேட்டில் ஏற்றி வேகத்தைக் குறைத்தேன். நான்கு சக்கரத்திலும் வெள்ளைப் புகை. கண்காணிப்பு வண்டி மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து என்னை ஓரம் கட்டியது. இறங்கி வந்தது யார் தெரியுமா? டெட்லெஃப். நான் பயிற்சி கொடுத்தவன்.

"என்ன மேடம், வண்டியில உருளைக்கிழங்கு அப்பம் சுடறீங்களா?"

"வாயை மூடு, டெட்லெஃப்."

"பேடைப் பழக்காம வந்துட்டீங்களா? எங்களுக்கு மொத நாளே சொல்லிக்கொடுத்தீங்களே, பழக்காத பேடும் பழக்காத நாயும் ஒண்ணுன்னு!"

"புருஷன் மாட்டினது."

"முன்னாள் புருஷன்," என்றான். "அப்ப சரிதான். இன்னைக்கு இனிமே உள்ள விட மாட்டேன் மேடம், கோவிச்சுக்காதீங்க."

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நுழைவாயிலில் பாதி ஊர் நின்றது. அதில் பாதிப் பேர் என்னிடம் ஓட்டக் கற்றவர்கள். ஒருவன் கைதட்டினான்.

மறந்தாயா, வேண்டுமென்றே செய்தாயா? ஒரே வரியில் பதில் எழுது.

பேடைக் கழற்றி, கண்ணாடிபோல் வழவழத்துப் போன மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, இரவல் வாங்கிய தனியார் தடத்தில் ஒழுங்காகப் பழக்கி மாட்டியிருக்கிறேன். உன் வேலையை நான் செய்தேன். உன்னைப்போல அரைகுறையாக விடவில்லை.

இம்கே

*

அடெனாவ், மே 2

திருமதி தோர்ன்பெர்க் அவர்களுக்கு,

ஒரே வரியில் பதில்: நான் மறப்பதில்லை.

விளக்கம் பின்வருமாறு. பொதுச் சாலையில் முன்னே செல்பவர், கட்டாயக் காரணமின்றிக் கடுமையாகப் பிரேக் பிடிக்கக் கூடாது என்பது போக்குவரத்துச் சட்டம். பேடைப் பழக்குவது கட்டாயக் காரணம் என எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை. எனக்கு ஒதுக்கப்பட்ட நாள்களில் நான் பொதுச் சாலையில் மட்டுமே ஓட்டுகிறேன். ஆகவே பழக்கவில்லை. பழக்கியதாக என் கடிதத்தில் எங்கும் சொல்லவும் இல்லை. மீண்டும் படித்துப் பாருங்கள்.

வண்டியை எடுக்கும் முன் அதன் நிலையை ஓட்டுநரே உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை நீங்களே பல ஆண்டுகள் கற்பித்தீர்கள்.

கைதட்டியவர் யார் என்பதை அறிய விரும்புகிறேன். அவருக்கு ஒரு புட்டி ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சிவப்பு வைன் அனுப்ப எண்ணியிருக்கிறேன். போன கோடை முழுவதும் நீங்கள் என்னைப் பற்றி அந்த நுழைவாயிலில் சொல்லிச் சிரிக்கவைத்தவை அனைத்தும் என் காதுக்கு வந்திருக்கின்றன. 'தூங்கும்போதும் சீட் பெல்ட் போட்டுக்கொள்வான்' என்பது உட்பட.

ஓர்ட்வின் லாயென்பாக்

*

ஆர்வைலர், மே 4

ஓர்ட்வின்,

சரி. இந்த ஆண்டு நான் சுற்றுக்கு வரப்போவதில்லை. அந்த வாயிலில் போய் நிற்க இப்போது எனக்கு முகமில்லை. வார இறுதியிலும் வண்டியை நீயே வைத்துக்கொள். மறுபடி கேட்கும் வரை உன் பொறுப்பு. சாவி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. பங்கை விட்டுக்கொடுக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு விதி கண்டுபிடிப்பாய்.

சந்தோஷமாக இரு.

இம்கே

*

அடெனாவ், நவம்பர் 9

திருமதி தோர்ன்பெர்க் அவர்களுக்கு,

தங்களிடமிருந்து தகவல் எதுவும் வராததால், இணைச் சொந்தக்காரர் என்ற முறையில் வண்டியின் நிலையைத் தெரிவிப்பது என் கடமை. தபாலில் அனுப்புகிறேன்.

வண்டி இவ்வளவு நன்றாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுவுகிறேன். ஞாயிறு முழுவதும் ஓய்வாகக் கொட்டகையில் நிற்கிறது. எரிபொருள் செலவு குறைந்திருக்கிறது. முன்பக்க பேட்களை அளந்தேன், தேய்மானம் ஏறக்குறைய இல்லை. வெகுதூரம் முன்னே பார்த்து, வேகத்தை எஞ்சினாலேயே குறைத்து, அடெனாவிலிருந்து மாயென் வரை பிரேக் பெடலைப் பெரும்பாலும் தொடாமலே போகப் பழகிவிட்டேன். நிதானமாக ஓட்டுபவனுக்கு எந்த பேடும் போதும் என்றே இப்போது தோன்றுகிறது. நம் சச்சரவே தேவையற்றது. அது உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளால் வந்தது.

சுற்று இந்த மாதக் கடைசியில் குளிர்காலத்துக்காக மூடப்படுகிறது என்று அறிகிறேன். நீங்கள் விரும்பினால் கடைசி ஞாயிறு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். வென்றவன் இவ்வளவாவது செய்யலாம்.

ஓர்ட்வின் லாயென்பாக்

*

ஆர்வைலர், நவம்பர் 16

ஓர்ட்வின்,

வேண்டாம். வண்டி உன் கையிலேயே இருக்கட்டும். இப்போது எப்படி ஓட்டுகிறாயோ அப்படியே ஓட்டு. நீ சட்டத்தைக் கைவிடுவதை நான் பார்க்க விரும்பவில்லை.

மார்ச்சில் சோதனை என்றைக்கு என்று மட்டும் எழுது.

இம்கே

*

அடெனாவ், மார்ச் 10

திருமதி தோர்ன்பெர்க் அவர்களுக்கு,

தேதி கேட்டிருந்தீர்கள். சோதனை நேற்று நடந்தது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் எழுதாவிட்டாலும் மாயெனில் பாதிப் பேர் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

சொந்த வண்டியை எந்தப் பொறியாளரும் தானே சோதிக்கக் கூடாது. ஆகவே என் சக பொறியாளர் யோகென் சோதித்தார். விளக்கு, புகை, அடித்தளம், எல்லாம் குறையின்றி முடிந்தன. உங்கள் கைவேலையாக ஏதேனும் ஒரு குறை அகப்படும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு யோகென் பின்சக்கரங்களைப் பிரேக்கின் பிடியை அளக்கும் உருளைகளின் மேல் ஏற்றிப் பிரேக்கை மிதித்தார். இடச்சக்கரத்தின் அளவு முள் ஏறியது. வலச்சக்கரத்தின் முள் பாதியில் நின்றது.

"ஓர்ட்வின், இந்த வண்டி எங்க நின்னுட்டிருந்தது? ஆத்துலயா?" என்று கேட்டார்.

"தினமும் ஓடுகிற வண்டி."

"யாரு ஓட்றாங்க?"

"நான்."

"பிரேக் பெடல் எதுன்னு தெரியும்ல? நடுவுல இருக்குமே, அது."

காத்திருந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். மீண்டும் சோதிக்கச் சொன்னேன். மீண்டும் அதே அளவு. வண்டியை உயர்த்தி, விளக்கைப் பிடித்து, இருவரும் பார்த்தோம். பின் டிஸ்க்குகளின் உள்முகத்தில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துரு பாலாடைபோல் படிந்து குழிகுழியாகத் தின்றிருந்தது. வலப்பக்கத்தில் பேட் தொடும் பட்டை விரலகலம்கூட இல்லை. இந்த பேட் சூடாகித் தேய்த்தால்தான் டிஸ்க் சுத்தமாகும். நான் அதைச் சூடாக்கவே இல்லை. சாலை உப்பும், சனிக்கிழமைதோறும் நான் ஊற்றிய தண்ணீரும், ஞாயிறு முழுவதும் அசையாமல் நின்றதும் மீதியைச் செய்தன.

யோகென் நல்லவர். என்னை ஓரமாக அழைத்து, "நான் ஒண்ணும் பார்க்கல. ரெண்டு டிஸ்க் வாங்கிட்டு வா, சாயங்காலம் மாட்டிட்டு மறுபடி ஏத்துவோம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

எனக்குத் தெரியும் என்றேன். குறையை எழுதச் சொன்னேன். அவர் தயங்கினார். பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வண்டி தேறவில்லை. பத்து மாதங்களாக அதை நான் மட்டுமே பயன்படுத்தினேன். ஏழாம் விதியை எழுதியவனும் நானே. அதன் சொற்களில் ஒரு விலக்கும் இல்லை. நேற்று இரவு தேடிப் பார்த்தேன். இன்று முதல் வண்டி முழுவதும் உங்களுடையது. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். இரண்டு சாவிகளையும் ஃபிராவ் ஹில்கெர்ஸிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நவம்பரில் நான் வண்டியைத் தருவதாக எழுதினேன். ஒரே ஒரு ஞாயிறு நீங்கள் ஓட்டியிருந்தால் அந்தத் துரு போயிருக்கும். தெரிந்தேதான் மறுத்தீர்களா?

ஓர்ட்வின் லாயென்பாக்

*

ஆர்வைலர், மார்ச் 15

ஓர்ட்வின்,

ஆமாம்.

முதலில் அவமானத்தில்தான் ஒதுங்கி இருந்தேன். அது உண்மை. வீட்டில் உட்கார்ந்து உன்னை எப்படியெல்லாம் அழவைக்கலாம் என்று கற்பனை செய்வேன், ஒன்றும் உருப்படியாகத் தோன்றாது. ஆகஸ்டில் ஒருநாள் ஹில்கெர்ஸ் கடைக்கு வந்தேன். எதிரே நம் வண்டி நின்றது, பளபளவென்று. நீ அஞ்சல் நிலையத்துக்குள் இருந்தாய். பின்சக்கரத்தின் இடைவெளி வழியே குனிந்து பார்த்தேன். டிஸ்க்கின் வெளியோரத்தில் ஒரு பழுப்பு வளையம். வெளியே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

"என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்றார் ஹில்கெர்ஸ் அம்மா.

"இல்ல, இப்பத்தான் கெடச்சது," என்றேன்.

ஒரு கம்பு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. நீ உன் வழியில் ஓட்டினால் போதும். உன் நவம்பர் கடிதத்தைப் படித்தபோது, பெடலைத் தொடாமலே போவதாக எழுதியிருந்தாயே, அப்போது நாற்காலியிலிருந்து விழாத குறை. என் வேலையை நீ எடுத்தாய். என் வண்டியை நீயே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாய். கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதே.

பின்பக்கம் புது டிஸ்க் மாட்டிவிட்டேன். பேட்? நீ தேர்ந்தெடுத்த அதே வகைதான், புதிது. அதைவிடப் பொருத்தமானது இல்லை. நானும் தேடிப் பார்த்தேன், எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த முறை முதல் நாளே முறையாகப் பழக்கினேன். சுற்று நேற்றுத் திறந்தது. நரிப்பொந்து அடிவாரத்தில் மிதித்தேன், வண்டி தரையைக் கவ்விப் பிடித்தது. இன்று காலை உறைபனியில் ரொட்டி வாங்கப் போனேன், முதல் மிதிப்பிலேயே நின்றது. முனகல்கூட இல்லை.

மறுசோதனை வியாழக்கிழமை. உன் நிலையத்தில் பதிந்துவிட்டேன். வண்டி இனி உன்னுடையது இல்லை, ஆகவே நீ சோதிக்கத் தடை எதுவும் இல்லை. பொறியாளரைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோகென் வேண்டாம். நீதான் வேண்டும். காலையில், வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில். டெட்லெஃபும் வருகிறேன் என்கிறான்.

இம்கே

*

மாயென், மார்ச் 19

திருமதி தோர்ன்பெர்க் அவர்களுக்கு,

பேசக் கூடாது என்ற உடன்பாட்டை இன்று காலை நான் மீறவில்லை. ஆகவே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தங்கள் வண்டியைச் சோதிக்க வழக்கமான நேரத்தைவிட மும்மடங்கு எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தங்கள் நண்பர் டெட்லெஃப், "சார், வண்டிய ஆபரேஷன் பண்றீங்களா?" என்று கேட்டார். சிரிப்புக்கு இடையில் நான் சக்கரங்களைக் கழற்றினேன். அது நடைமுறையில் இல்லாத ஒன்று, தங்கள் ஒப்புதலைக் கேட்டிருக்க வேண்டும். டிஸ்க்குகளின் உள்முகத்தை விளக்கு வைத்துப் பார்த்தேன். பேட்களின் அனுமதி எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பிரேக் குழாய்களை விரலால் தடவினேன். பின்சக்கரங்களை உருளையில் நான்கு முறை ஏற்றினேன். இடமும் வலமும் முள் ஒரே இடத்தில் நின்றது. இப்படிப்பட்ட சமநிலையை என் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு குறை, ஒரே ஒரு சிறு குறை கிடைத்துவிட வேண்டும் என்று தேடினேன் என்பதைத் தாங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். எண் பலகை விளக்கைக்கூட இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன்.

கிடைக்கவில்லை. தகுதி வில்லையை எண் பலகையில் என் கையால் ஒட்டினேன். காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டினேன்.

அடுத்த சோதனை இரண்டு ஆண்டுகளுக்குப் பின். அன்றும் தாங்கள் என் பெயரைச் சொல்லியே பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தேடும் இடங்களை நான் யோசித்து வைத்திருப்பேன்.

ஓர்ட்வின் லாயென்பாக்